மெர்சிக்காக நான் எழுதிய இரண்டு கடிதங்கள்

நம் பட்டுக் கடையில் புதிதாகச் சேர்ந்தவர்களே, கீழ்த்தளத்தில் நீங்கள் கால் மடக்கி உட்கார்ந்து புடவை விரிக்கிறீர்களே, அந்த வெள்ளை மெத்தை வரிசை நான் போட்டது. கல்யாணப் புடவைகளை ஜன்னலோரம் நகர்த்தியவன் நான். பகல் வெளிச்சத்தில் பார்த்து எடுத்த புடவையை, நிறம் வேறாக இருக்கிறது என்று யாரும் திருப்பிக் கொண்டுவர மாட்டார்கள். வீடியோ காலில் வெளிநாட்டுக்கு விற்பதா என்று முதலாளி தயங்கிய காலத்தில், முதல் கேமராவுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்ததும் நான்தான். என் கையில் தொழில் பழகிய பதினோரு பேர் இன்று இந்தக் காஞ்சிபுரத்திலேயே சொந்தக் கடை வைத்திருக்கிறார்கள். இத்தனையும் மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு. நான்காம் வகுப்பு வாத்தியார் யார் என்றுகூட எனக்குத் தெரியாது.

என் அப்பா கூரம் பக்கத்தில் ஒரு பண்ணையில் படியாள். வாங்கிய கடனுக்கு உடம்பை எழுதிக் கொடுத்த ஆள் என்று அதற்கு அர்த்தம். நான் பத்தொன்பது வயதில் இந்தக் கடைக்கு வந்தேன். கிடைத்த வேலை, வாசலில் வாடிக்கையாளர்களின் செருப்பைப் பார்த்துக்கொள்வது. உள்ளே இருக்கும் பட்டை நீ தொடக் கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்தது. நான்கு வருஷம் செருப்பையே பார்த்தேன். பார்த்துப் பார்த்து, செருப்பை வைத்து ஆளைச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன்.

அப்போதிருந்த தலைமை விற்பனையாளர் மெதுவாக வாசலுக்கு வந்து, "இன்னாடா ஏழுமல, இன்னா வந்துகீது?" என்பார்.

"மூணு ஜோடிங்க. தோலு பழசு, ஆனா தெச்சுத் தெச்சுப் போட்டிருக்காங்க. பணம் மடியில இருக்குது. பெருசுலயே ஆரம்பிங்க."

பத்துக்கு ஒன்பது தப்பாது. ஒருநாள் அவரே என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் மெத்தையில் உட்கார வைத்தார். செருப்பைத் தொட்ட கை பட்டைத் தொடுவதா என்று ஒருவர் முணுமுணுத்தார். "அவன் தொட்ட செருப்பாலதான்யா நீ இத்தினி நாளா வித்துக்கினு இருந்த" என்றார் அவர். அத்தோடு பேச்சு முடிந்தது. அங்கிருந்து கீழ்த்தளத்துக்கே பொறுப்பாளன் ஆனேன். இருபத்தாறு வருஷம் அந்தத் தளம் என் சொல்லுக்கு நடந்தது.

பெருமை அடித்துக்கொள்கிறான் கிழவன் என்பீர்கள். ஆமாம். சம்பாதித்து வைத்த பெருமை, அடிக்கிறேன். ஆனால் இன்று எழுத உட்கார்ந்தது பெருமைக்காக இல்லை, ஆத்திரம் தாங்காமல்தான். எழுத்து எனக்கு மெதுவாக வரும். கோபம் வந்தால் கொஞ்சம் வேகமாக வரும்.

மெர்சியை உங்களுக்குத் தெரியும். இன்று வீடியோ பிரிவுக்குத் தலைவி. வாலாஜாபாத் பெண். அப்பா அரிசி மில்லில் லாரி ஓட்டியவர். என்னைப் போலவே, நிலம் இல்லாமல் அடுத்தவன் நிலத்தில் குனிந்த குடும்பம். எனக்குக் கோயில், அவர்களுக்குச் சர்ச், வித்தியாசம் அவ்வளவுதான். இருபத்தைந்து வயதில் வேலை கேட்டு வந்தாள். நான் வழக்கம்போல முதலில் செருப்பைப் பார்த்தேன். வார் அறுந்து, ஊக்கு போட்டிருந்தது. இந்தப் பெண் தாங்கும் என்று சொல்லி எடுத்துக்கொண்டேன். என் கணிப்பு தப்பவில்லை. காலை ஆறு மணிக்குக் கேமரா முன்னால் உட்கார்ந்தால், கடல் தாண்டி இருக்கிற பெண்களுக்கு இங்கிலீஷில் பேசி, சிரித்து, அவர்கள் மாமியாருக்கும் சேர்த்து ஒரு புடவை விற்றுவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

உங்களுக்கே தெரியும், நம் தொழிலில் அடிப்படைச் சம்பளம் என்பது பேருக்கு. பில்லுக்குக் கிடைக்கிற கமிஷன்தான் சோறு. சித்திரை, வைகாசி, ஆவணி, தை என்று முகூர்த்த மாதங்களில் கொட்டும். ஆடி, புரட்டாசி, மார்கழியில் மெத்தையில் ஈ உட்காரும். அந்த வைகாசியில் மெர்சியின் கைக்கு வந்தது ஒரு லட்சத்துப் பத்தாயிரம். இந்தக் கடை வரலாற்றில் எந்த விற்பனையாளரும் அதுவரை தொடாத தொகை. நானும் தொட்டதில்லை.

பணம் வந்தது. வாலாஜாபாத் பஸ் போய் ஸ்கூட்டர் வந்தது. ஸ்கூட்டர் போய்க் கார் வந்தது. தம்பிக்கு லேப்டாப், அம்மாவுக்கு வாஷிங் மெஷின், வீட்டுக்கு மேல்மாடி. இதையெல்லாம் நான் குறை சொல்ல மாட்டேன். மழைக்கு ஒழுகுகிற கூரையின் கீழ் வளர்ந்தவர்கள் முதலில் மேலே பார்த்துத்தான் செலவு செய்வார்கள். நான் குறை சொல்வது புடவையை.

கேமரா முன்னால் ஒருமுறை கட்டிய புடவையை மறுபடி கட்டக் கூடாது என்று அவளாகவே ஒரு சட்டம் வைத்துக்கொண்டாள். பார்க்கிறவர்களுக்கு நினைவிருக்குமாம். கடையும் சும்மா இருக்குமா? ஊழியர் விலை, ஊழியர் கணக்கு, சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறோம் என்று இனிக்க இனிக்கப் பேசியது. பட்டு விற்றுச் சம்பாதித்ததை அவள் பட்டாகவே கடைக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மெர்சிக்குக் கிடைத்த மிகச் சிறந்த வாடிக்கையாளர் மெர்சிதான். உங்களில் எத்தனை பேர் இன்று அந்தக் கணக்கில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நிமிர்ந்து பார்க்காமல் படியுங்கள்.

வாசலில் வாரம் ஒரு புது ஜோடி செருப்பு அவளுடையது என்று நான் பார்த்தேன். பார்த்துவிட்டு வாய் மூடிக்கொண்டு இருந்தேன். செருப்பைப் பார்த்து ஆளைச் சொல்கிறவன், சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லவில்லை. இது முதல் தப்பு, இது சின்னது. பெரியது இனிமேல் வருகிறது.

அதே வைகாசி மாதக் கடைசியில் வந்து நின்றாள்.

"அண்ணா, பேங்க்ல லோன் கேட்டிருக்கண்ணா. மாடி வேல பாதியில நிக்குது, கிரெடிட் கார்டு வேற நிறைஞ்சிடுச்சி. சம்பள லெட்டர் கேக்கறாங்க. ஆபீஸ்ல பேசிக் பதினெட்டாயிரம்னு மட்டும் போட்டுத் தராங்க."

"பதினெட்டாயிரமா?"

"கமிஷன் எல்லாம் சம்பளம் இல்லியாம்ண்ணா."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ரோஷம் வந்ததோ. என் தளத்தில் உட்கார்கிற பெண்ணுக்குப் பதினெட்டாயிரமா? ஒரகடம் கம்பெனியில் நேற்றுச் சேர்ந்த பையன் வாங்குகிற சம்பளமா? பொறுப்பாளன் என்ற முறையில் கடையின் முகவரித் தாளும் முத்திரையும் என்னிடம் இருந்தன. எழுதினேன். "மெர்சி என்பவர் எங்கள் கடையில் மாதம் ரூபாய் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வாங்குகிறார்." கையெழுத்துப் போட்டு, முத்திரையையும் ஓங்கிக் குத்தினேன். வங்கியிலிருந்து ஃபோன் வந்தபோது இன்னும் ஒரு படி மேலே போனேன். "கொறச்சுதான் எழுதியிருக்கேன் மேடம். இன்னும் ஜாஸ்தியே வாங்கும் அந்தப் பொண்ணு."

நான் எழுதியதில் வைகாசி உண்மை. மற்ற பதினோரு மாதங்களைச் சாப்பிட்டுவிட்டேன். மாதச் சம்பளக்காரர்கள் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். முகூர்த்தத்தில் சம்பாதிக்கிறவன்தான் முகூர்த்தம் வருஷம் முழுக்கவும் இருக்கும் என்று நம்புவான். நான் ஆசையாக எழுதிய அந்த ஒற்றைத் தாளை வைத்துக்கொண்டு எட்டு லட்சம் கொடுத்தார்கள். கார் கடன், கார்டு எல்லாம் சேர்த்து மாதத் தவணை ஐம்பத்தெட்டாயிரம் ஆனது.

ஆடி பிறந்தது. அந்த மாதம் அவள் கைக்கு வந்தது இருபத்தாறாயிரம்.

ஆவணியில் கொஞ்சம் நிமிர்ந்தாள். புரட்டாசியில் மறுபடி விழுந்தாள். ஐப்பசியில் கார்டைத் தேய்த்துத் தவணை கட்டினாள், தவணைக் கடனை எடுத்துக் கார்டைக் கட்டினாள். மார்கழியில் எதையும் எதாலும் கட்ட முடியவில்லை. அவள் முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியாது. கேமராவில் அதே சிரிப்பு. இது நம் தொழில் கொடுக்கிற வரமா சாபமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மார்கழி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. தை முதல் முகூர்த்தத்துக்கு வேலூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்து ஜன்னலோர மெத்தையில் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு பேர், பெரிய வியாபாரம். அப்போது இரண்டு ஆட்கள் உள்ளே வந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை, கையில் மெல்லிய ஃபைல். பக்கத்து மெத்தையில் உட்கார்ந்து, "மெர்சி மேடம்தான் காட்டணும்" என்றார்கள்.

நான் வாசலுக்குப் போய் அவர்கள் விட்ட ஷூவைப் பார்த்தேன். இரண்டு ஜோடியிலும் இடது ஷூவின் மேல்முனை தேய்ந்து வெளுத்திருந்தது. நாளெல்லாம் பைக்கில் கியர் மாற்றுகிற கால். கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவனின் ஷூ அப்படி இருக்காது. இது வசூலுக்கு வந்த கால் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் உள்ளே திரும்புவதற்குள் மெர்சி முப்பது புடவை விரித்துவிட்டாள்.

"இந்த அரக்கு எவ்ளோ மேடம்?"

"நாப்பத்திரெண்டாயிரம் சார்."

"அய்யய்யோ, ஒரு மாசத் தவணைக்குக்கூடப் பத்தாதே." குரல் மெதுவாகத்தான். சிரித்துக்கொண்டேதான். "அந்தப் பச்சையை எடுங்க. ஃபோன எடுக்க மாட்றீங்க, புடவையாச்சும் எடுங்க. உங்க மொதலாளி எங்க உக்காருவாரு? அவருகிட்ட ஒரு டிசைன் காட்டணும்."

அவள் ஒரே புடவையைத் திரும்பத் திரும்பத் தப்பாக மடித்துக்கொண்டிருந்தாள். நாலடி தூரத்தில் மணப்பெண்ணின் அம்மா. கத்தினால் வியாபாரம் போகும், அவள் மானமும் போகும். பணம் கொடுத்து அனுப்ப என்னிடமும் இல்லை. யோசிக்க நேரம் கொடுக்காத இடத்தில், பழகிய வேலையைத்தான் கை செய்யும். என் கை அந்தப் பச்சைப் புடவையின் ஒரு நுனியைப் பிடித்தது. மறு நுனியைத் தூக்கி அந்த ஆளின் கையில் கொடுத்தேன்.

"எழுந்திருங்க சார். பட்டு மடிக்க ரெண்டு ஆள் வேணும். பிரிக்கச் சொன்னவங்க புடிக்கறதுதான் இங்க பழக்கம்."

அப்படி ஒரு பழக்கம் எந்தக் கடையிலும் கிடையாது. ஆனால் நான் சொன்ன தோரணையில் அவன் எழுந்துவிட்டான். இரண்டு கையும் புடவையில் மாட்டிக்கொண்டன. ஃபைல் கீழே விழுந்தது. மடிப்புக்கு மடிப்பு நான் அவனை நெருங்கினேன், நெருங்கும்போதெல்லாம் மெதுவாகப் பேசினேன்.

"மேல கேமரா பாத்தியாபா? நீ பேசினது மொத்தமும் ஏறிக்கினு இருக்குது. கடன் பேங்க்ல வாங்கினது. பேச்சு பேங்க்லயே வெச்சுக்கலாம். எடுத்துப் புடி, தரையில படுது."

அந்த நேரம் பார்த்து மணப்பெண்ணின் அம்மா திரும்பினாள். "ஏம்பா தம்பி, அந்தப் பச்சைய கொஞ்சம் ஜன்னல் பக்கம் காட்டு. தோள்ல போட்டுக் காட்டேன், நீ நல்ல ஒசரமா இருக்கிற."

போட்டுக் காட்டினான்! வேறு வழியில்லை. தோளில் பச்சைப் பட்டோடு ஜன்னலோரம் நின்றான். அந்த அம்மா அதையே எடுத்துக்கொண்டாள். பில் மெர்சி பேரில் போட்டேன். இரண்டு பேரும் ஷூவைச் சரியாகக்கூட மாட்டாமல் போனார்கள். அந்தக் காட்சியை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். மெர்சிக்கு அன்று வரவில்லை. கிடங்கில் போய் உட்கார்ந்து முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டாள்.

நான் சொன்ன கேமராப் பதிவை முதலாளியும் பார்த்தார். மறுநாள் கூப்பிட்டு விட்டார். எங்கள் இருவரையும் நிற்க வைத்தே பேசினார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு முதலில் பிடிக்கவில்லை.

"அழாதம்மா. மொத்தத்தையும் நானே கட்டிடறேன். நீ எனக்குப் பொண்ணு மாதிரி. ஏழு வருஷம் இங்கியே இருக்கறதா ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டுடு. அதுவரைக்கும் கமிஷன் வேணாம், பேசிக் வாங்கிக்கோ. வெள்ளிக்கெழம நல்ல நாள்."

கடை முழுக்க அவரைத் தெய்வம் என்றது. மெர்சி காலில் விழப்போனாள். எனக்கோ ஆத்திரம் வந்தது. இந்த ஊரில் அட்வான்ஸ் என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எந்த நெசவாளி வீட்டில் வேண்டுமானாலும் கேளுங்கள். கல்யாணத்துக்கோ காது குத்தலுக்கோ தறி முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்குவான். அது அடைகிற வரை வேறு தறியில் உட்கார முடியாது. கூலி உயர்வு கேட்க முடியாது. அட்வான்ஸ் அடையவும் அடையாது. என் அப்பாவுக்கு அதன் பெயர் படியாள். மெர்சிக்குப் பெயர் பாண்டு பேப்பர். அவள் ஒரு வைகாசியில் கடைக்குக் கொண்டுவருகிற லாபத்தில் பாதிக்கு அவளையே ஏழு வருஷம் வாங்கப் பார்த்தார். அதற்கு வெள்ளிக்கிழமை நல்ல நாளாம்.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"அறிவு இருக்குதா உனக்கு? டிகிரி படிச்சவ. ஏழு வருஷம்னா இன்னான்னு தெரியுமா?"

"வேற வழி இன்னாண்ணா இருக்குது?"

"வாங்கறப்ப தெரியல? தெனம் ஒரு புடவை, வாரம் ஒரு செருப்பு. ராணி மாதிரி சுத்திக்கினு இருந்தியே!"

அவள் கண்ணைத் துடைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"ஆமாண்ணா, நான் ஆடினேன். எல்லாத்தையும் நான்தான் வாங்கினேன். ஆனா பதினெட்டாயிரம்னு ஆபீஸ் எழுதியிருந்தா பேங்க்காரன் எட்டு லட்சம் குடுத்திருக்கவே மாட்டான். நீங்க எழுதினத பாத்துதான் குடுத்தான். ஃபோன்ல இன்னா சொன்னீங்க? 'கொறச்சுதான் எழுதியிருக்கேன்.' பக்கத்துல நான்தான் நின்னுக்கினு இருந்தேன். எனக்கே நம்பிக்கை வந்துடுச்சிண்ணா, மாசாமாசம் அவ்ளோ வரும்னு."

நாற்பது வருஷத்தில் என் முகத்துக்கு நேரே அப்படி யாரும் பேசியதில்லை. கன்னத்தில் அறைந்தாற்போல இருந்தது. இவளுக்கு நல்லது செய்யப்போய் எனக்கே பழி என்று அன்று முழுக்கப் பொருமினேன். வாடிக்கையாளர்கள்மேல் எரிந்து விழுந்தேன். சாயந்திரம் பில் புத்தகங்களை எடுத்தேன். எதற்கு? அவள் சொன்னது பொய் என்று காட்டத்தான். போன தை, மாசி, பங்குனி என்று அவள் பெயரில் போட்ட கமிஷனை மாதவாரியாகக் கூட்டிக்கொண்டே வந்தேன். பன்னிரண்டு மாதத்தையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தபோது வந்தது ஐம்பத்திரண்டாயிரம். நான் எழுதிக் கொடுத்ததில் பாதிகூட இல்லை. கடன் அவளுடையது என்பது நிஜம். அதற்கு வாசல் திறந்துவிட்டது நான் என்பதும் நிஜம்.

வியாழக்கிழமை காலை அவளைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன். கையில் இரண்டாவது கடிதம். அதே முகவரித் தாள், அதே முத்திரை. மாதவாரியாகப் பன்னிரண்டு வரி. கடைசியில், "முன்பு கொடுத்த கடிதத்தில் ஒரு மாத வருமானத்தை மட்டும் எழுதிவிட்டேன். அது தவறு" என்று எழுதியிருந்தேன். அந்தக் கடைசி வரியை எழுதத்தான் மற்ற எல்லாவற்றையும்விட நேரம் பிடித்தது.

மேலாளர் அம்மா படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பொய்ச் சான்று குடுத்து லோன் வாங்கியிருக்கீங்க. இது கேஸாகும், தெரியுமா?"

மெர்சி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம்ண்ணா, போயிடலாம்ண்ணா."

எனக்கும் எழுந்து போய்விடலாம் என்றுதான் தோன்றியது. மறைக்க மாட்டேன். ஆனால் பேரம் பேசுகிறவன் நான். எதிராளி முதல் விலை சொன்னதும் எழுந்து போகிறவனுக்குப் புடவை கிடைக்காது.

"போடுங்க மேடம். அந்தப் பொண்ணு மேல இல்ல, என் மேல போடுங்க. எழுதினவன் நான். கூடவே இன்னொண்ணும் எழுதுங்க. மூணாங்கிளாஸ் படிச்ச ஒருத்தன் ஒரு மாசக் கணக்க எழுதிக் குடுத்தான், பன்னெண்டு மாசம் எங்கன்னு கேக்காமயே எட்டு லட்சம் தூக்கிக் குடுத்தோம்னு எழுதுங்க. நீங்க அனுப்பின ஆளுங்க கல்யாண வீட்டார் நடுவுல வந்து ஒரு பொண்ண இன்னா பேச்சு பேசினாங்கன்னும் எழுதுங்க. படம் கீது."

அவர் கடிதத்தை இன்னொரு முறை படித்தார். பிறகு டீ சொன்னார். டீ சொன்னால் பேரம் படிந்தது என்று அர்த்தம், அது வங்கியானாலும் சரி.

கடனுக்குக் காலத்தை நீட்டி, தவணையைப் பாதிக்குமேல் குறைத்தார்கள். கார்டை வெட்டி, அந்தப் பாக்கியையும் அதே கடனில் சேர்த்தார்கள். காரை விற்றுக் கார் கடனைக் கட்டுவது என்று முடிவானது. எவ்வளவு தவணை தாங்குவாய் என்று மெர்சியைக் கேட்டபோது அவள் விழித்தாள். நான்தான் சொன்னேன்: "ஆடி மாசம் இன்னா வந்துச்சோ அத வெச்சு சொல்லு. சோத்துக்கும் பஸ்ஸுக்கும் போக மிச்சம் எவ்ளோ, அதான் தவண. இனிமே வருஷம் பூரா உனக்கு ஆடி மாசம்தான். வைகாசி வந்தா அந்தப் பணத்த நீ பாக்கவே கூடாது, நேரா கடனுக்குப் போவட்டும்." இந்த ஒரு வாக்கியத்தைத் தயவு செய்து அடிக்கோடிடுங்கள். கேட்டவுடன் பிடித்துக்கொண்டது அவள் புத்திசாலித்தனம். சொன்னது என் வாய்.

வெள்ளிக்கிழமை நல்ல நாளில் பாண்டு பேப்பர் கையெழுத்தாகவில்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டார். கடையின் முகவரித் தாளில் பொய் எழுதியவனிடம் தளத்தை விட்டுவைக்க முடியாது என்றார். அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பொய் எழுதிய வைகாசியில் அவருக்கு வராத கோபம், உண்மை எழுதிய மார்கழியில் வந்தது. என்னை மாடிக்கு, ரவிக்கைத் துணி மேசைக்கு மாற்றினார். இருபத்தாறு வருஷம் கல்யாணப் பட்டு விரித்த கை, கடைசி ஒன்றரை வருஷம் எண்பது சென்டிமீட்டர் துணி கிழித்துக் கொடுத்தது. அங்கிருந்துதான் ஓய்வு பெற்றேன். வழியனுப்பு விழாவில் இதை யாரும் சொல்லவில்லை. சால்வை போட்டார்கள்.

மெர்சி நான் நினைத்ததைவிடக் கெட்டிக்காரி. மறுபடி பஸ்ஸில் வந்தாள். வாங்கிக் குவித்த நாற்பத்தோரு புடவைகளையும் என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவளே கேமரா முன்னால் உட்கார்ந்து, "இதெல்லாம் நான் ஒருநாள் கட்டினது, பாதி விலைக்குத் தரேன், கடன் அடைக்கணும்" என்று வெளிப்படையாகச் சொல்லி விற்றாள். நாலு நாளில் தீர்ந்தது. அந்த யோசனையில் எனக்குப் பங்கில்லை. இல்லாத பங்கை நான் கேட்கிறவன் இல்லை. அதன்பிறகு ஒரே ஆறு புடவையை மாற்றி மாற்றிக் கட்டினாள். விற்பனை ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. மூன்று வைகாசி கடந்தது. கடன் தீர்ந்தது. வேறு கடைக்காரன் அவளைக் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்று முதலாளி பயந்து, கேட்ட பதவியைக் கொடுத்தார். கட்டிப் போடாத ஆளுக்குத்தான் அந்த மரியாதை கிடைக்கும்.

இதையெல்லாம் நினைத்து இன்று எனக்குக் கோபம் இல்லை. கோபம் போன மாதம் வந்தது.

புதிதாகச் சேர்ந்த உங்களுக்குப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டுக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். மெர்சி திரையில் படம் போட்டுத் தன் கடன் கதையைச் சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள். "ஒரு சீனியர் ஒருத்தர் பெருமைக்கு ஒரு மாச கமிஷன மாச சம்பளம்னு லெட்டர் எழுதிக் குடுத்துட்டாரு" என்றாள். நீங்கள் சிரித்தீர்கள். நான் எங்கோ பார்த்தேன். அடுத்த படத்தில் "ஆடி மாத விதி" என்று கொட்டை எழுத்து. நீங்கள் கைதட்டினீர்கள். யார் சொன்ன விதி? காற்றில் வந்ததா? வங்கியில் போய் நின்றது யார்? தவணை தானாகக் குறைந்ததா? ஒரு வார்த்தை இல்லை. என் தப்பு மட்டும் மேடை ஏறியது. நான் திருத்தியது வாசலிலேயே நின்றுவிட்டது.

வகுப்பு முடிந்ததும் மாடிப்படியில் மறித்தேன்.

"மொதல் லெட்டர சொல்லத் தெரியுது, ரெண்டாவது லெட்டர் எங்கம்மா போச்சி?"

அவள் திகைத்துப் போனாள். "அண்ணா, ரெண்டாவத சொன்னா உங்க பேர சொல்லணும். பேர சொன்னா மொதல் லெட்டரும் நீங்கதான்னு தெரிஞ்சிடும். புதுசா வந்த பசங்க உங்கள தப்பா பேசுவாங்கண்ணா. உங்க மரியாதைக்காகத்தாண்ணா விட்டேன்."

"என் மரியாதைய நீ எதுக்கு மறைச்சு வெக்கற? மறைக்கற அளவுக்கு அதுல இன்னா கீது?"

"பொய் லெட்டர்னு ஊரே பேசும்ண்ணா."

"பேசட்டும். அத போய்த் திருத்தினேன்னும் பேசட்டும்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுத ஆரம்பித்தேன்.

ஆகவே புதிதாகச் சேர்ந்திருக்கிறவர்களே, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த சீனியர் நான்தான். கீழ்த்தளப் பொறுப்பாளனாக இருந்த ஏழுமலை. பெருமைக்கு ஆசைப்பட்டு ஒரு பெண்ணின் கழுத்தில் எட்டு லட்சத்தைக் கட்டியவனும் நான். பதவி போனாலும் போகட்டும் என்று வங்கி மேசைமேல் உண்மையை வைத்தவனும் நான். சிரிக்க வேண்டுமென்றால் என் பெயரைச் சொல்லியே சிரியுங்கள், எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதே மூச்சில் மற்றதையும் சொல்ல வேண்டும். மெர்சி, அடுத்த வகுப்புக்கு முன்னால் உன் படத்தைத் திருத்து. "ஒரு சீனியர்" என்பதை எடுத்துவிட்டு அங்கே ஏழுமலை என்று போடு. "ஆடி மாத விதி"க்குக் கீழேயும் ஏழுமலை என்று போடு. இரண்டு இடத்திலும் போட வேண்டும். ஒன்றில் மட்டும் போடுவதாக இருந்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.